'புண்ணாக்கு' என்று திட்டினால் கோபப்படாதீர்கள்!

ஆபீஸில் யாராவது உங்களை, "சரியான புண்ணாக்குய்யா நீ!" என்று திட்டியிருக்கிறார்களா? எனக்கு அந்தப் பாக்கியம் பலமுறை கிடைத்திருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரில் ஆரம்பித்து, இன்றைய மேலதிகாரி வரை ஒருவர் பாக்கியில்லை. இனிமேல் யாராவது அப்படித் திட்டினால் பதிலுக்கு ஒரு 'தேங்க்ஸ்' சொல்லிவிடுவதாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தட்டில் விழுகிற சிக்கன் பீஸ், நைட் ஷிப்ட் முடிந்து தள்ளுவண்டியில் சாப்பிடுகிற ஆஃப்பாயில்... இரண்டுக்கும் ஆதாரம் புண்ணாக்குதான்!

(எழுத்தில் பிண்ணாக்கு, வாயில் புண்ணாக்கு. நாம் வாய்க்கே விசுவாசமாக இருப்போம்.)

இந்த ஞானம் எனக்குப் பிறந்த இடம் பல்லடம் ரோட்டு டீக்கடை. போதித்தவர் நண்பர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். "சரக்கு வெள்ளிக்கிழமை கிளம்பிவிடும்" என்று வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புவதில் மன்னன். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் எழுதமாட்டார். பொங்கலூர் பக்கம் அவருக்குக் கொஞ்சம் தோட்டம், அறுபது நாட்டுக்கோழி. அன்றைக்கு டீயை ஆற்றிக்கொண்டே குண்டைப் போட்டார்.

"மாப்ளே, வேலைய விட்டுரலாம்னு இருக்கறேன்."

"ஏன், வெள்ளிக்கிழமைகள் தீர்ந்துபோச்சா?"

"வெளையாடாத. சோயாப் புண்ணாக்கு வெலை ஏறுனா கோழித் தீவனக்காரங்க எல்லாம் தலைல துண்டப் போட்டுக்கறாங்க. பருத்திப் புண்ணாக்க இட்லி மாவு மாதிரி புளிக்க வெச்சா, சோயாவுக்குப் பதிலா போடலாமாம். பல்லடத்தச் சுத்தி எத்தன கோழிப் பண்ணை! மூணு லட்சம் லோன் போட்டு, நாலு டிரம் வாங்கி, புளிக்க வெச்சு, மூட்டை கட்டி வித்தோம்னா..."

அவர் கண்ணில் டாலர் தெரிந்தது. என் கண்ணில் ஈமு தெரிந்தது. 2012-ல் இதே கொங்கு மண்ணில், பெருந்துறைப் பக்கம், ஈமு கோழியை நம்பிக் கொட்டிய பணம் என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியுமே!

"ஒரு வாரம் டைம் குடு. ராஜினாமா லெட்டர டைப் பண்ணி வெச்சுக்கோ. ஆனா குடுத்துராத" என்றேன். அந்த ஒரு வாரத்தில் துருவித் துருவிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

டி-ஷர்ட்டுக்குப் பின்னால் ஏழு முட்டை

முதலில் ஒரு கணக்கு. நீங்கள் போட்டிருக்கும் காட்டன் டி-ஷர்ட் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பருத்திச் செடி ஒரு கிலோ பஞ்சு தரும்போது கூடவே சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொட்டையும் தருகிறது. ஆக, உங்கள் டி-ஷர்ட்டோடு கூடப் பிறந்த கொட்டை ஏறத்தாழ 240 கிராம். அதைத் தோல் நீக்கி, எண்ணெய் எடுத்தால் மிஞ்சுகிற புண்ணாக்கு சுமார் 100 கிராம். அதில் புரதம் மட்டும் 40 கிராம்.

ஒரு கோழி முட்டையில் இருக்கும் புரதம் சுமார் 6 கிராம். அதாவது, ஒரு டி-ஷர்ட்டுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஏழு முட்டைக்கு உண்டான புரதம் ஒளிந்துகொண்டிருக்கிறது! பனியன் மெஷின் வருவதற்கு முன்பே பஞ்சு வியாபாரத்துக்கும் ஜின்னிங்குக்கும் பேர்போன ஊர் திருப்பூர். இன்றைக்கும் இதே மாவட்டத்து மூலனூரில் பருத்தி ஏலம் நடக்கிறது. பஞ்சுக்கு இருக்கிற மரியாதை கொட்டைக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

சரி, பக்கத்திலேயே பல்லடம். கறிக்கோழிக்குப் பெயர்போன ஊர். கோழி விலையைப் பல்லடத்தில் அறிவித்தால் தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்கும். ஒரு பிராய்லர் கோழி சுமார் 40 நாளில் 2 கிலோ எடை வருகிறது. அதற்குள் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தீவனம் தின்றுவிடும். கோழி வளர்க்கிற செலவில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தீவனத்துக்கே போகிறது. தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சோயாப் புண்ணாக்கு. சோளம் சக்தி தரும். சதை வைப்பது சோயா.

இந்தச் சோயா விலை ஏறினால் என்ன ஆகும்? 2021-ல் ஆகிவிட்டது. சில மாதங்களில் விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. பண்ணைக்காரர்கள் கூப்பாடு போட, அந்த ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. இந்த நாட்டில் பருத்திப் புண்ணாக்கு மலைபோல் கிடக்கும்போது, கோழிக்குப் புரதம் கப்பலில் வந்தது!

"பின்னே என்ன? பருத்தியையே கோழிக்குப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லன் என்ட்ரி.

வில்லன் பெயர் காஸிபால்

பருத்திச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயற்கை கொடுத்த ஆயுதம், காஸிபால் என்கிற மஞ்சள் நிறப் பொருள். கொட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே மிளகுத் தூள் தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அதற்குள்தான் இது இருக்கிறது. எண்ணெய் ஆட்டும்போது ஒரு பகுதி புரதத்தோடு கட்டிக்கொண்டு சாதுவாகிவிடும். கட்டிக்கொள்ளாமல் திரிகிற பகுதிதான் ஆபத்து. (கல்யாணமாகாத வாசகர்கள் இதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

திரிகிற காஸிபாலைக் கோழி அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் வளர்ச்சி குறையும். இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் சுண்டும். முட்டைக் கோழியாக இருந்தால் இன்னும் வேடிக்கை. முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு மஞ்சளாக இருக்காது... ஒரு மாதிரி பாசிப் பச்சை! நாள்பட வைத்திருந்த முட்டையில் நிறம் இன்னும் தூக்கலாகத் தெரியும். பருத்திக்கொட்டை எண்ணெயில் உள்ள இன்னொரு கொழுப்பு, வெள்ளைக் கருவை லேசான ரோஜா நிறமாக்கிவிடும். பச்சையும் ரோஜாவுமாக ஓர் ஆஃப்பாயில் வந்தால் தள்ளுவண்டிக்காரர் கதி என்ன?

அதனால்தான், முட்டைக் கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், கறிக்கோழித் தீவனத்தில் 100 மில்லிகிராம், இதற்கு மேல் திரியும் காஸிபால் போகக்கூடாது என்று பாடப்புத்தகங்கள் கோடு போடுகின்றன. இரும்பு உப்பைச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

இந்த இடத்தில் ஆண் வாசகர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவும். சீனாவில் சில கிராமங்களில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்தார்கள். அந்த ஊர்களில் வருஷக்கணக்கில் குழந்தையே பிறக்கவில்லை! ஆராய்ந்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டது காஸிபால். சும்மா விடுவார்களா? 1970-களில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கி, 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். மாத்திரை என்னவோ பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்குப் பழைய நிலை திரும்பவேயில்லை. 1980-களில் அந்த ஆராய்ச்சிக்கு மங்களம் பாடிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் நண்பரின் முகம் வெளிறிவிட்டது. "மாப்ளே... போன மாசம் மதுரை போனப்போ ரெண்டு டம்ளர் பருத்திப்பால் குடிச்சேன்டா!"

பயம் வேண்டாம். அந்தச் சோதனை, பிரித்தெடுத்த காஸிபாலை மாதக்கணக்கில் விடாமல் விழுங்கிய சோதனை. எப்போதோ ஒரு டம்ளர் குடிப்பது அந்தக் கணக்கில் வராது.

மாட்டுக்கு மட்டும் என்ன சலுகை?

நியாயமான கேள்வி ஒன்று. நம் அப்பாரு காலத்திலிருந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஆட்டி ஊற்றுகிறோம். மாடு ஜம்மென்று இருக்கிறது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஊரே அடிமை. மாட்டை ஒன்றும் செய்யாத காஸிபால் கோழியை மட்டும் ஏன் படுத்துகிறது?

மாட்டின் வயிற்றுக்குள் ஒரு பெரிய டிரம் இருக்கிறது. முதல் இரைப்பை. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இரவு பகலாக ஓவர்டைம் பார்க்கின்றன. மாடு தின்றது எதுவானாலும் முதலில் அந்த டிரம்மில் ஊறிப் புளிக்கிறது. திரிகிற காஸிபாலில் பெரும்பகுதி அங்கேயே புரதத்தோடு கட்டுப்பட்டு அடங்கிவிடுகிறது. நார்ச்சத்தும் அங்கே உடைகிறது. (அப்படியும் அளவுக்கு மீறினால் மாட்டுக்கும் கெடுதல்தான். டிரம் தயாராகாத கன்றுக்குட்டிக்கு இது ஆகவே ஆகாது.)

கோழிக்கு அந்த டிரம் கிடையாது. அதற்கு வாய்த்தது ஒற்றை இரைப்பையும், அரைத்துத் தள்ள ஒரு கல்லீரலடி மிஷினும். மன்னிக்கவும், அதற்குச் சரியான பெயர் அரைவைப் பை. கறிக்கடையில் 'கோழிக் கல்' என்று கேட்டு வாங்குவோமே, அதுதான்.

ஆகவே விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. கோழிக்கு உள்ளே இல்லாத டிரம்மை வெளியே வைத்துக் கொடுத்தால் என்ன? புண்ணாக்கைப் புளிக்கவைக்கும் வித்தை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். நண்பரின் ஐடியா கிறுக்குத்தனம் இல்லை என்பதும் எனக்கு இங்கேதான் புரிந்தது.

அம்மாவின் கிரைண்டர் விஞ்ஞானம்

விஞ்ஞானத் தமிழில் 'நொதித்தல்' என்பார்கள். அம்மா பாஷையில் புளிக்கவைப்பது. ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அங்கே நடப்பது என்ன? உளுந்திலும் அரிசியிலும் இருந்த பாக்டீரியாக்கள் மாவுச் சத்தைத் தின்று, அமிலத்தையும் வாயுவையும் விட்டு, மாவை லேசாக ஜீரணித்து வைத்துவிடுகின்றன. பச்சை மாவில் இல்லாத குணம் புளித்த மாவில் வருகிறது.

புண்ணாக்கிலும் இதே கதைதான். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து (வேண்டாத கிருமிகளை வெளியேற்ற), ஆறியதும் நமக்கு வேண்டிய நுண்ணுயிரைத் தூவி, இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். ஈஸ்ட் வகையில் ஒன்று, பூசண வகையில் ஆஸ்பர்ஜில்லஸ் நைகர், பாக்டீரியாவில் பேசில்லஸ் சப்டிலிஸ் ஆகியவை இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். கடைசியில் சொன்ன ஆசாமியின் உறவுக்காரர்தான் ஜப்பானில் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து 'நாட்டோ' என்ற பண்டமாக்குகிறவர்.

இவர்கள் மூன்று வேலை செய்கிறார்கள். ஒன்று, திரிகிற காஸிபாலைச் சிதைக்கிறார்கள் அல்லது கட்டிப்போடுகிறார்கள். இரண்டு, பெரிய புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கோழிக்கு ஜீரண வேலையைக் குறைக்கிறார்கள். மூன்று, கோழியால் எடுத்துக்கொள்ள முடியாதபடி தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸைத் திறந்துவிடுகிறார்கள்.

பலன் உண்டா? உண்டு. சீனாவில் மஞ்சள் இறகுக் கறிக்கோழிகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பேசில்லஸ் சப்டிலிஸ் கொண்டு புளிக்கவைத்த பருத்திப் புண்ணாக்கில் திரியும் காஸிபால் ஏறத்தாழ கால்வாசியாகக் குறைந்தது. தீவனத்தில் 8 சதவீதம் அளவுக்குச் சோயாவை எடுத்துவிட்டு இதைப் போட்டபோது கோழிகள் நன்றாகவே வளர்ந்தன.

கவனியுங்கள், 8 சதவீதம். 'சோயாவே வேண்டாம்' என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பருத்திப் புரதத்தில் லைசின் என்கிற முக்கியமான அமினோ அமிலம் குறைச்சல். புளிக்கவைத்தாலும் அந்தப் பள்ளம் முழுசாக மூடாது. மேலே லைசினைத் தனியாக வாங்கிப் போட்டாக வேண்டும்.

நம் காங்கேயம் சமாச்சாரமும் இதேதான். கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர். தேங்காய்ப் புண்ணாக்கில் காஸிபால் இல்லை. ஆனால் புரதம் இருபது சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். மேனன் என்கிற கெட்டியான நார் வகை அதிகம். மாடு சமாளிக்கும், கோழி திணறும். இந்தோனேசியாவில் 1990-களிலேயே தேங்காய்ப் புண்ணாக்கை ஆஸ்பர்ஜில்லஸ் நைகரால் புளிக்கவைத்துக் கோழிக்கும் வாத்துக்கும் போட்டுப் பார்த்தார்கள். அதே நாட்டின் மேற்கு ஜாவாவில் கடலைப் புண்ணாக்கைப் புளிக்கவைத்து 'ஒன்சொம்' என்று மனிதர்களே வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே போய் யாரையும் 'புண்ணாக்கு' என்று திட்ட முடியாது. பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்!

அக்கவுன்ட்ஸ் செக்ஷன் கவனத்துக்கு

"பாத்தியா, புளிக்க வெச்சா புரதம் கூடுதாம்!" என்று நண்பர் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். 22 சதவீதம் புரதம் 26 ஆகிவிட்டதாம்.

இங்கே ஒரு கணக்கு வித்தை இருக்கிறது. 100 கிலோ புண்ணாக்கில் 22 கிலோ புரதம். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் மாவுச் சத்தைத் தின்று கரியமில வாயுவாக ஊதிவிடுகின்றன. காய்ந்த எடை 85 கிலோவாக இறங்குகிறது என்று வையுங்கள். புரதம் அதே 22 கிலோ. இப்போது சதவீதம் என்ன? ஏறத்தாழ 26! ஆள் குறைத்த கம்பெனியில் தலைக்கு வருமானம் கூடியதாகக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். யூரியாவைக் கலந்துவிட்டால் அதுவும் 'புரதம்' என்றே காகிதத்தில் வரும். மாட்டு வயிற்று டிரம்மில் யூரியாவுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. கோழிக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

அதனால் நண்பருக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்தேன். மண்டியில் புண்ணாக்கு கிலோ என்ன விலை என்று கேட்காதே. ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று கேள். நம் பக்கம் மாட்டுக்கு வாங்கும் பருத்திப் புண்ணாக்கு பெரும்பாலும் கொட்டையைத் தோலோடு சேர்த்து ஆட்டியது. அதில் புரதம் இருபத்திச் சொச்சம் சதவீதம்தான். சோயாவில் நாற்பத்தைந்துக்கு மேல். சோயாவின் பாதி விலைக்குக் கிடைத்தால்தான் இரண்டும் சமம். புளிக்கவைக்கிற செலவு அதற்கு மேல்!

தப்பான விருந்தாளி

இப்போது சீரியஸான விஷயம். மாவு புளிப்பதும் மாவு கெடுவதும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன. யார் உள்ளே நுழைகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் கக்கிய விஷம்தான் 'அஃப்ளடாக்ஸின்'. இன்றைக்கு இந்தியத் தர விதிப்படி கோழித் தீவனத்தில் இந்த விஷம் ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு டன்னுக்கு ஒரு சிட்டிகைகூட இல்லை!

விசித்திரம் என்னவென்றால், ஜப்பானியர்கள் சோயா சாஸ் செய்யப் பயன்படுத்தும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற நல்ல பூசணம், இந்த விஷப் பூசணத்தின் நெருங்கிய பங்காளி. வெறுங்கண்ணால் பார்த்து இவன் நல்லவன், அவன் கெட்டவன் என்று சர்டிபிகேட் கொடுக்க முடியாது.

இன்னொரு சம்பவம். ஜாவாவில் தேங்காய்ப் புண்ணாக்கைப் புளிக்கவைத்து 'தெம்பே போங்க்ரெக்' என்று ஏழைகள் சாப்பிட்டார்கள். சில சமயம் அதில் வேறொரு பாக்டீரியா புகுந்து, வேகவைத்தாலும் அழியாத விஷத்தை உண்டாக்கிவிடும். பல பேர் உயிர் போனது. 1988-ல் அந்தப் பண்டத்துக்கே தடை போட்டார்கள். நம்மைப் போலத் தேங்காய் விளைகிற ஊரில் இதை மறக்கக்கூடாது.

இதைச் சொல்லி முடித்ததும் நண்பர் தலையைச் சொறிந்தார்.

"மாப்ளே... உங்கிட்டச் சொல்லல. போன மாசமே ஒரு டிரம் போட்டுப் பாத்துட்டேன். மூணாம் நாள் தொறந்தா மேல பச்சையா வெல்வெட்டு மாதிரி... நம்ம பொல்லாத நேரம், பாக்க அழகா வேற இருந்துச்சு. பத்துக் கோழிக்குப் போட்டேன்."

"அப்புறம்?"

"நாலு போயிருச்சு. அம்மா இன்னும் எங்கூடப் பேசறதில்ல. அதுல ஒண்ணு அவங்க அடைக்கு வெச்சு வளத்த செவலக் கோழி."

செத்ததற்குப் பூசணம்தான் காரணமா, வேறு நோயா என்று கண்டுபிடிக்க இப்போது வழியில்லை. கோழியையும் புண்ணாக்கையும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அவர் குழி தோண்டிப் புதைத்துவிட்டார், கூடவே பாடத்தையும். வியாபாரமாகச் செய்து, பத்துக் கோழிக்குப் பதில் பத்தாயிரம் கோழி இருக்கிற கொட்டகைக்கு அந்த மூட்டை போயிருந்தால்?

பண்ணைக்காரர் வாங்குவாரா?

பல்லடம் பக்கம் கொட்டகை கொட்டகையாகக் கோழி தெரிந்தாலும், அவற்றில் பெரும்பாலான கோழிகள் கொட்டகைக்காரருடையவை அல்ல. 1984-ல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் வளர்த்தெடுத்த ஒப்பந்தப் பண்ணை முறை இது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு விவசாயி கொடுப்பார். வளர்ந்ததும் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அந்தக் கூலி போதவில்லை என்று விவசாயிகள் அவ்வப்போது போராட்டம் நடத்துவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, நண்பர் மூட்டையோடு போய் நின்றால் கொட்டகைக்காரர் என்ன சொல்லுவார்? "ஏனுங்க, நல்லாத்தானுங் இருக்குது. ஆனா கம்பெனித் தீவனத்தத் தவிர வேற போடப்படாதுங்களே" என்பார். எவ்வளவு தீவனம் போட்டு எவ்வளவு எடை வந்தது என்பதை வைத்துத்தான் அவர் கூலியே தீரும். அதில் அவர் விளையாட முடியாது. வாங்கக்கூடியவர்கள் தீவன ஆலைக்காரர்கள். அவர்கள் ஒவ்வொரு லோடுக்கும் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள். இந்த மாதம் 26 சதவீதம், அடுத்த மாதம் 21 என்றால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காயவைக்கும் செலவையும் பாருங்கள். புளித்த புண்ணாக்கில் பாதி தண்ணீர். மூட்டை கட்ட ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 100 கிலோவுக்கு 44 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சம் 28 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தேவை. நிஜ டிரையரில் இன்னும் கூடும். அவசரப்பட்டு அதிகச் சூடு வைத்தால் ஏற்கெனவே குறைவாக இருக்கிற லைசினும் வீணாகும். காங்கேயம் களம் போல வெயிலில் காயப்போடலாம்தான். ஐப்பசி மழையில் என்ன செய்வது?

போதாக்குறைக்கு, ஒரு புதுப் போட்டியாளர் வந்துவிட்டார். பெட்ரோலில் கலக்கிற எத்தனாலை அரிசியிலும் மக்காச்சோளத்திலும் வடிக்கிறார்கள். வடித்தபின் மிஞ்சுகிற உலர்ந்த தானியச் சக்கை, 'டி.டி.ஜி.எஸ்.' என்ற பெயரில் தீவன ஆலைகளில் குவிந்து, சமீப வருடங்களில் சோயாப் புண்ணாக்கின் விலையையே கீழே இழுத்துவிட்டது. அதுவும் ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்த சரக்குதான்! அதிலும் அஃப்ளடாக்ஸின் சோதனை கட்டாயம் தேவை. ஆக, கோழி ஏற்கெனவே புளித்ததைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. பெரிய ஆலையின் பெரிய டிரம்மிலிருந்து.

காஸிபாலே இல்லாத கொட்டைக்கும் வழி பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸில் கீர்த்தி ராத்தோர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழு, இலையிலும் தண்டிலும் காஸிபாலை விட்டுவிட்டு, கொட்டையில் மட்டும் மிகக் குறைவாக இருக்கும்படி பருத்தியை மாற்றியமைத்தது. 2018-ல் விவசாயத் துறையும், 2019-ல் உணவு மருந்து நிர்வாகமும் அங்கே பச்சைக்கொடி காட்டின. அந்தப் பருத்தி நம் காட்டுக்கு வரும்வரை டிரம்தான் கதி.

ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்காரருக்கு...

தோட்டத்தில் நண்பரைப் போலப் பத்து, ஐம்பது நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* பருத்தி, தேங்காய், கடலைப் புண்ணாக்குகளை வீட்டு டிரம்மில் புளிக்கவைக்கும் ஆசை வேண்டாம். அதற்கு வேகவைத்தல், சுத்தமான வித்து, பரிசோதனை மூன்றும் தேவை.

* உடைத்த சோளம், கம்பு போன்ற தானியத்தை ஊறவைத்துப் புளிக்கவைப்பது எளிது. சுத்தமான வாளியில் தானியம் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி மோர் விட்டு மூடி வையுங்கள். நம் வெயிலுக்கு ஒரு நாள் போதும். தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் காற்று கிடைக்காமல் பூசணம் ஒதுங்கும். அமிலம் ஏற ஏறக் கெட்ட கிருமிகளும் ஒதுங்கும்.

* நல்ல வாசனை என்றால் மோர் வாசனை. அழுகல் நாற்றமோ, பச்சை, கறுப்புப் பூசணமோ தெரிந்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் போடக்கூடாது. மொத்தமும் குழிக்குத்தான்.

* ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் வையுங்கள். தொட்டியைத் தினமும் கழுவுங்கள்.

* தீவனத்தில் சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. பரிசோதனைக் கட்டணம் செத்த கோழியின் விலையைவிடக் குறைவு.

கடைசியாக...

ஒரு வாரம் கழித்து அதே டீக்கடை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். நண்பர் மெர்ச்சண்டைசர் மூளையோடு படித்தார். துணி விலை, கூலி, வேஸ்டேஜ், லாபம் என்று தினமும் காஸ்டிங் போடுகிற கை அல்லவா? பேனாவை எடுத்துப் புண்ணாக்குக்கும் ஒரு காஸ்டிங் ஷீட் போட்டார். புரத விலை, எடை இழப்பு, காயவைக்கும் செலவு, பரிசோதனைக் கட்டணம், திரும்பி வரக்கூடிய லோடு.

கடைசி வரியைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை.

"சோயா மறுபடியும் 2021 மாதிரி ஏறுனா இது ஓடும் மாப்ளே. எறங்கிக் கெடக்கறப்ப ஓடாது."

"அதேதான். வித்தை உண்மை. வியாபாரம் விலையைப் பொறுத்தது."

"அப்போ லோன்?"

"வேண்டாம். ஏதாவது தீவன ஆலையோ, காலேஜோ இத எடுத்துச் செய்யும்போது பக்கத்துல போய் நின்னு கத்துக்கோ. விலை ஏறுற அன்னிக்கு, கத்துவெச்சவன் கையிலதான் சரக்கு இருக்கும்."

டைப் பண்ணி வைத்திருந்த ராஜினாமா லெட்டரைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நான்காக மடித்து, ஆடிய டீக்கடை பெஞ்சின் காலுக்குக் கீழே சொருகினார். பெஞ்சு ஆடுவது நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லு மாப்ளே. அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"ஒரு செவலக் கோழி வாங்கிட்டுப் போ. கூடவே உண்மையையும் சொல்லிரு."

மறுநாள் போன் வந்தது. அம்மா பேசிவிட்டார்களாம். மூன்று வாரத்துக்குப் பிறகு மகனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

"போடா புண்ணாக்கு!"

நண்பர் 'தேங்க்ஸ்' சொன்னாராம்.